விழுமண்ணை வைத்த பொட்டு

பிள்ளைகளே,

இன்றோடு ஆறு நாளாகப் பகேரியாவில் மாமி வீட்டில் பாய் விரித்துப் படுக்கிறோம். காலையில் ரயிலுக்கு ஓடும்போது நீங்கள் இரண்டு பேரும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. "ஒரு பொட்டு வெடிச்சதெண்டு அப்பா எல்லாரையும் வீட்டால எழுப்பிப்போட்டார், பள்ளிக்கூடத்தில என்னெண்டு சொல்லுறது?" என்று பெரியவள் அம்மாவிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது. நேரே சொல்லத் தொடங்கினால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

பலேர்மோவில், சீசாப் பக்கம், எங்கள் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கு மேலே, சுவரில் ஒரு வெடிப்பு உண்டு. அதன் குறுக்கே இரண்டு யூரோ நாணயம் அளவில் வெள்ளையாக ஒரு பொட்டு இருந்ததும், பக்கத்தில் பென்சிலால் ஒரு தேதி எழுதியிருந்ததும் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறை பெயின்ற் அடிக்கும்போதும் நான் அதைச் சுற்றி அடிப்பேன். அம்மா திட்டுவாள். போன செவ்வாய்க்கிழமை காலை தேத்தண்ணி வைக்கப் போனவன், அந்தப் பொட்டின் நடுவில் மயிர் அளவுக்கு ஒரு கோட்டைக் கண்டேன். மிச்சம் உங்களுக்குத் தெரியும். மேலும் கீழும் எல்லாக் கதவையும் தட்டினேன். தீயணைப்புக்காரர் வந்து பார்த்துவிட்டு, எஞ்சினியர் வரும்வரை எங்கள் வீட்டோடு சேர்த்து நாலு வீட்டையும் பூட்டச் சொன்னார்கள்.

அந்தப் பொட்டை வைத்தவரைப் பற்றித்தான் இது.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருக்கு அது பிடிக்காது. பலேர்மோவில் எங்கள் ஆட்கள் எல்லோரும் அவரை விழுமண்ணை என்றுதான் சொல்வார்கள். "அது விழும்", "இது விழும்" என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பார். அதனால் வந்த பெயர். மன்னார்ப் பக்கம். ஒல்லியான ஆள். காதில் பென்சில், சட்டைக் கையில் வெள்ளைச் சாந்து. கோட்டின் இரண்டு பொக்கெற்றிலும் ஒவ்வொரு மர ஆப்பு வைத்திருப்பார். ஒலிவ் மரத்தில் அவரே செதுக்கியது. மாதா கோவிலுக்குப் பூசைக்கு வரும்போதும் அவை இருக்கும். முழங்காலில் இருந்து எழும்பும்போது ஆப்பு வாங்குப் பலகையில் இடித்து டொக்கென்று கேட்கும். பின்வரிசைப் பெடியள் சிரிப்பார்கள்.

வழியில் உங்களைக் கண்டால் யாரும் "சுகமோ?" என்று கேட்பார்கள். அவர், "உங்கட சீலிங் என்ன சொல்லுது?" என்று கேட்பார்.

வுச்சீரியாச் சந்தைப் பக்கத்துச் சந்துகளில் அவர் ஓரமாக நடந்து நான் கண்டதில்லை. பல்கனிகளுக்குக் கீழே போகமாட்டார். நடு ரோட்டிலேயே போவார். பின்னால் ஸ்கூட்டர்காரர் ஹோர்ன் அடித்து, அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டு விலகிப் போவார்கள். அவர் திரும்பியும் பாராமல், மேலே அண்ணாந்து பார்த்தபடி நடப்பார். ஒரு கலியாண வீட்டில் கேக் மேசைக்கு மேலே பெரிய கண்ணாடி விளக்கு தொங்கியது. படம் எடுக்கிற நேரத்தில் போய், மாப்பிள்ளையிடம், "தம்பி, மேசையை ரண்டு அடி தள்ளுங்கோ, அந்தக் கொழுக்கி எனக்குப் பிடிக்கேல்லை" என்றார். பொம்பிளையின் தாய்க்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "நல்ல நாளில வாயில நல்லது வராதோ இவருக்கு? ஆரப்பா இவருக்குக் காட் குடுத்தது?" என்றா. அதற்குப் பிறகு அவருக்குக் கலியாணக் காட் வருவது குறைந்துபோனது.

பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது யாராவது கட்டாயம் ஆரம்பிப்பார்கள்.

"விழுமண்ணை வாறார், கூரையைப் பிடியுங்கோடா."

"என்னண்ணை, கோவில் இன்னும் விழேல்லையோ?"

அவர் கோபிக்கவே மாட்டார். "இன்னும் விழேல்லை. நாளைக்கும் கேளுங்கோ" என்பார். வாரத்துக்கு வாரம் அதே பதில்.

எங்கள் வீட்டுக்கு அவர் முதன்முதல் வந்தது சின்னவளின் பிறந்த நாளுக்கு. வந்தவர் பிள்ளையைப் பார்க்கவில்லை, கேக்கைப் பார்க்கவில்லை. நேரே சமையலறைக்குள் போய்ச் சுவரைத் தட்டினார். பிறகு பையில் இருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, சாந்து குழைத்து, வெடிப்பின் குறுக்கே ஒரு பொட்டு வைத்துத் தேதி எழுதினார். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இப்பத்தானே அண்ணை பெயின்ற் அடிச்சனாங்கள்."

"பிள்ளை, சுவர் அசைஞ்சா உங்களுக்கு முதல் இதுக்குத் தெரியும்" என்றார். "வெண்சாந்து இழுபடாது, சட்டெண்டு வெடிக்கும். இது முழுசா இருக்குமட்டும் நித்திரை கொள்ளுங்கோ."

அன்றைக்கு முதல் எனக்கு நிம்மதியாக நித்திரை வரவில்லை. அதைத்தான் அவரிடம் கோபமாகச் சொன்னேன். சிரித்தார்.

அவருக்கு வேலை கடற்கரைப் பக்கம் உள்ள பழைய இங்கிலீஷ்காரரின் சேமக்காலையில். ஒரு காலத்தில் வைன் வியாபாரத்துக்கும் கப்பல்களிலும் இங்கே வந்து, காய்ச்சலிலும் கடலிலும் செத்தவர்கள். எங்கள் வேதக்காரர் இல்லை என்பதால் ஊர்ச் சேமக்காலையில் இடம் கொடுக்காமல், தனியாக ஒரு துண்டு நிலம் கொடுத்திருக்கிறார்கள். சுற்றிலும் உயர்ந்த மதில், ஒரு இரும்புக் கேற். அதைப் பராமரிக்கிற கமிட்டி ஒன்று இருந்தது. புல்லு வெட்ட ஒரு ஆள் வேண்டும் என்று அவர்தான் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த வேலையின் கடதாசியை வைத்துத்தான் அந்த வருடம் எங்கள் பெர்மெஸ்ஸோவை, இங்கே இருக்கத் தருகிற அனுமதியை, புதுப்பிக்க இருந்தேன். அந்தக் கடதாசி இல்லாவிட்டால் நாலு பேருடைய இருப்பும் சந்தேகம். இதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதல் நாள் உள்ளே போனபோது எனக்குக் கால் கூசியது. எங்கள் ஊரில் கல்லறை நிலத்தோடு கிடக்கும், தலைமாட்டில் குருசு நிற்கும். இவை மேசை மாதிரி. இடுப்பு உயரத்துக்கு ஆறு கல்லுக் கால்கள், மேலே கட்டில் அகலத்தில் ஒரே பலகைக் கல். சிலவற்றில் கால்களுக்கு நடுவே மெல்லிய கல்லுகளால் அடைத்து, பெட்டி மாதிரி மூடியிருக்கும். இருபது முப்பது மேசைகள், மரங்களுக்குக் கீழே, சாப்பிட ஆள் வராமல் காத்துக்கொண்டிருப்பது போல. ஒரு பெட்டியின் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தேன். இருட்டு. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. பின்னுக்குப் பாய்ந்துவிட்டேன்.

"உதுக்குள்ள ஆள் இல்லை" என்றார் அவர். "ஆள் கீழ, மண்ணுக்குள்ள. இது வெறும் கூடு. செத்தவரால உனக்கு ஒண்டும் வராது தம்பி. மூடியாலதான் வரும்."

கால்களையும் மேல் கல்லையும் பிணைக்க உள்ளே இரும்புக் கொழுக்கிகள் வைத்திருக்கிறார்களாம். கடற்காற்றில் அந்த இரும்பு கறள் பிடித்து ஊதும். ஊதி ஊதிக் கல்லைப் பிளக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு மேசையிலும் நாலைந்து வெள்ளைப் பொட்டுகள் வைத்திருந்தார். காலையில் கேற்றைத் திறந்ததும் வேறு வேலை தொடமாட்டார். ஒவ்வொரு பொட்டையும் விரலின் வெளிப்பக்கத்தால் தொட்டுக்கொண்டு ஒரு சுற்று வருவார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. கல்லில் சாயக்கூடாது, இருக்கக்கூடாது, தண்ணீர்ப் போத்தல்கூட வைக்கக்கூடாது. மெழுகுதிரி என்றால் அவருக்குப் பைத்தியமே பிடிக்கும், மெழுகு கல்லுக்குள் இறங்குமாம். புல்லு வெட்டும் மெசினை நான் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோனால், அங்கிருந்து, "கேட்டிட்டுத் தொடு" என்பார். கல்லைக் கேட்கச் சொல்கிறாரா, தன்னைக் கேட்கச் சொல்கிறாரா என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அந்த ஒக்ரோபர் கடைசியில், பெரியவளே, நீ பள்ளிக்கூடத்தில் இருந்து அழுதுகொண்டு வந்தாய். உனக்கு ஏழு வயது, சின்னவளுக்கு ஐந்து. இந்த ஊரில் நவம்பர் இரண்டாம் தேதி செத்தவர்கள் வந்து, தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இனிப்பும் விளையாட்டுச் சாமானும் ஒளித்து வைத்துவிட்டுப் போவார்களாம். காலையில் எழும்பிப் பிள்ளைகள் தேடி எடுப்பார்கள். உன் வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் தாத்தா வருவார், பெரியம்மா வருவா என்று சொல்லியிருக்கிறார்கள். உன்னிடமும் கேட்டிருக்கிறார்கள்.

"அப்பா, எங்கட நொன்னோ, உங்கட அப்பா, மன்னாரிலதானே செத்தவர்? அவர் எப்பிடி இஞ்சை வாறது? எங்களுக்கு இஞ்சை ஒரு செத்த ஆளும் இல்லையோ?"

நீ கேட்டதையே இரண்டு நாள் நினைத்துக்கொண்டு புல்லு வெட்டினேன். எங்களுக்கு இங்கே வேலை இருந்தது, வீடு இருந்தது, கோவில் இருந்தது. செத்த ஆள் இல்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் தினமும் புல்லு வெட்டுகிற இடத்தில் இத்தனை பேர் கிடக்கிறார்கள். அவர்களுக்கும் இங்கே பிள்ளை குட்டி இல்லை. ஒருவரை நாங்கள் எடுத்துக்கொண்டால் என்ன?

மதிலோரத்தில் ஒரு மேசை இருந்தது. கப்பல் கப்டன் ஒருவருடையது என்று விழுமண்ணை சொல்லியிருந்தார். பெயர் தேய்ந்துபோய், ஒரு நங்கூரம் மட்டும் தெரியும். அந்தக் கப்டனைத் தெரிந்தெடுத்தேன்.

நவம்பர் முதலாம் தேதி, சகல பரிசுத்தவான்களின் திருநாள். விழுமண்ணை பூசைக்குப் போயிருந்தார். நான் மட்டும் சேமக்காலையில் சருகு கூட்டிக்கொண்டிருந்தேன். பாதாம் மாவில் செய்த பழங்களும் இரண்டு சீனிப் பாவைகளும் வைத்து ஒரு பிஸ்கற் பெட்டி கொண்டுபோயிருந்தேன். கப்டனுடைய மேசையில் முன்பக்க அடைப்புக் கல் ஒன்று ஏற்கெனவே ஆடியது. அதைக் கேட்காமல் தொட்டேன். பிடித்து வெளியே இழுத்தேன்.

டிக் என்று ஒரு சத்தம். பல்லிக் குஞ்சு சொன்னது மாதிரி. உடனேயே இன்னொரு சத்தம், மதில் பக்கத்தில் இருந்து, கொஞ்சம் கனமாக.

முன்பக்கத்தில் இருந்த பொட்டு இரண்டாக வெடித்திருந்தது. சுற்றிப் பின்னால் போய்ப் பார்த்தேன். மதிலுக்கும் மேசைக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். அங்கே ஒரு காலின் தலையில் இருந்து கைப்பிடி அளவு கல் உடைந்து கீழே கிடந்தது. காலுக்கும் மேல் கல்லுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

நான் அப்போது என்ன செய்தேன் என்பதை இதுவரை யாருக்கும், அம்மாவுக்குக்கூட, முழுதாகச் சொன்னதில்லை. உடைந்த துண்டை எடுத்து மதிலுக்கு அப்பால் எறிந்தேன். கொட்டிலில் இருந்த சாக்கில் இருந்து வெண்சாந்து எடுத்துக் குழைத்து, பழைய பொட்டைச் சுரண்டிவிட்டுப் புதுப் பொட்டு வைத்தேன். அவருடைய எழுத்து மாதிரியே பழைய தேதியை எழுதினேன். மூன்று முறை அழித்து எழுதினேன். கமிட்டிக்குத் தெரிந்தால் வேலை போகும், வேலை போனால் கடதாசி போகும். கடதாசி கொடுக்கிற பொலிஸ் கந்தோரின், குவெஸ்தூராவின், நீண்ட வரிசைதான் என் கண்ணுக்குள் நின்றது. இத்தனை காலம் நின்ற கல்லு, இன்னும் நிற்கும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெட்டியை உள்ளே தள்ளி, இழுத்த அடைப்புக் கல்லைப் பாதி சாத்திவிட்டேன். நாளைக்குப் பிள்ளைகளைத் தூர நிறுத்தி, நானே கையை விட்டு எடுத்துக் கொடுப்பேன் என்று நினைத்தேன். பிள்ளைகளைத் தூர நிறுத்தலாம் என்று நினைத்தேன். என்ன மடத்தனம்.

மறுநாள் காலைப் பூசை முடிய உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அம்மாவுக்கு அன்றைக்குத் தான் துப்புரவு செய்கிற சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை. விழுமண்ணை மண் நிரப்பிய ஒரு தட்டை வாசலில் வைத்து, "மெழுகுதிரி எல்லாம் இதுக்குள்ள, சரியோ? கல்லில வைச்சா ரண்டு பேரையும் மதிலுக்கு வெளியில விட்டிடுவன்" என்றார். பிறகு தன்னுடைய காலைச் சுற்றைத் தொடங்கினார். "எங்கட செத்த ஆள் ஆர் அப்பா?" என்று பெரியவள் நீ கேட்டாய். நான் கையை நீட்டிக் கப்டனைக் காட்டினேன். குனிந்து ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். காற்று அணைத்துவிட்டது. இன்னொரு குச்சி உரசினேன். அவ்வளவு நேரம்தான்.

நிமிர்ந்தபோது பெரியவள் நீ கப்டனுடைய மேசைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாய். சின்னவளைக் காணவில்லை.

விழுமண்ணையும் அதே நேரத்தில்தான் அந்த மேசைக்கு வந்தார். விரலின் வெளிப்பக்கத்தால் பொட்டைத் தொட்டார். கையை எடுத்தார். மறுபடி தொட்டார்.

"தம்பி, இதைத் தொட்டனியோ?"

"இல்லையண்ணை."

"ஈரமாக் கிடக்கு."

அந்த நேரம் மேசைக்கு உள்ளேயிருந்து சின்னவளுடைய குரல், கிணற்றுக்குள் இருந்து கேட்பது போல:

"அக்கா, எக்கோலா, இந்தா இருக்கு. ஒரு பெட்டி கிடக்கு."

அவருடைய முகம் அவருடைய சாந்து நிறத்துக்கு வந்தது. ஆனால் கத்தவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன், கையால் தடுத்தார். "கூப்பிடாத. திடுக்கிட்டாக் காலில இடிப்பாள்." பொக்கெற்றில் இருந்து இரண்டு ஆப்பையும் எடுத்தார். மெல்ல முழங்காலில் இருந்து, ஈரப் பொட்டுக்குக் கீழே, முன்பக்கக் கல்லின் இடுக்கில் ஒரு ஆப்பை வைத்து உள்ளங்கையால் தள்ளத் தொடங்கினார். முன்பக்கத்தைக் கிளப்பினால் பாரம் முழுவதும் பின்னால் போகும். பின்னால், மதில் பக்கத்தில், தலை உடைந்த கால் நிற்கிறது. அது அவருக்குத் தெரியாது. அந்தச் சேமக்காலையில் உயிரோடு நின்ற ஆட்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் ஒரு கணம் எனக்குக் கடதாசி ஞாபகம் வந்தது. அதற்காகத்தான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"அண்ணை, முன்னால இல்லை" என்றேன். "மதில் பக்கம். கால் உடைஞ்சிட்டு. நான்தான் இழுத்தனான். பொட்டும் நான்தான் வைச்சனான்."

அவர் என்னைத் திட்டவில்லை. "எந்தக் கால்? நடுவோ, தலைமாடோ?"

"தலைமாடு."

எழும்பினார். பக்கவாட்டில் மதிலோடு உரசிக்கொண்டு பின்னால் போனார். முன்பக்கத்தில் இருந்து எனக்கு அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. உடைந்த காலின் தலையில் ஒரு ஆப்பு, சரியாமல் இருக்க அடியில் மற்ற ஆப்பு. தட்டவில்லை. தோளைக் கொடுத்து அழுத்தியே ஏற்றினார். பிறகு திரும்பி வந்து, பெரியவளிடம், "கல்லில கை வைக்காம அப்பாவிட்டைப் போ மோனை" என்றார். நீ வந்து என்னுடைய காலைக் கட்டிக்கொண்டாய்.

அவர் நிலத்தில் குப்புறப் படுத்தார். கன்னத்தை மண்ணில் வைத்து, உள்ளே பார்த்துக் கதைத்தார். அப்படி ஒரு குரல் அவருக்கு இருந்தது எனக்குத் தெரியாது.

"என்ன பிள்ளை கிடக்கு பெட்டிக்குள்ள?"

"பழம். மாண்டரீன், அத்திப்பழம். எல்லாம் இனிப்பு."

"எனக்கு ஒண்டு தருவியோ?"

"இது எங்களுக்குத் தந்தது."

"ஆர் தந்தது?"

"கப்பித்தானோ."

"அப்ப அவருக்கு ஒரு நன்றி சொல்லிப்போட்டு வாங்கோ பாப்பம். எழும்பாம, பூனைக்குட்டி மாதிரித் தவண்டு."

"கிராட்சியே கப்பித்தானோ" என்று உள்ளே இருந்து கேட்டது. பிறகு சரசரவென்று சத்தம். சின்னவளே, உன்னுடைய தலைமயிர் தெரிந்தது. பெட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாய். வாசலில் அது காலுக்கும் அடைப்புக் கல்லுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. நீ தள்ளினாய். மேலே எங்கேயோ மணல் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"பெட்டியை விடு மோனை."

"மாட்டன்."

"விடு, நான் எடுத்துத் தாறன்."

"மாட்டன். அக்கான்ர பங்கும் இருக்கு."

பல்கனிக்குக் கீழே நடக்காத மனிதன், பிள்ளைகளே. கலியாண வீட்டு விளக்குக்குக் கீழே நிற்காத மனிதன். அவர் அப்படியே தவழ்ந்து, தலையையும் இரண்டு தோளையும் அந்தக் கல்லுக்குக் கீழே விட்டார். பெட்டியைச் சரித்து, உன் சட்டையைப் பிடித்து, இரண்டையும் சேர்த்து வெளியே தள்ளினார். நான் உன்னை வாங்கிப் பின்னால் போட்டேன். அவர் இன்னும் உள்ளே இருந்தார். உள்ளே இருந்து, "இப்ப என்னை இழு" என்று கேட்டது. நிதானமாக, தேத்தண்ணி கேட்பது போல. காலைப் பிடித்து இழுத்தேன்.

அவருடைய தலை வெளியே வந்த பிறகுதான் கல்லு இறங்கியது. ஒரு விரல் அளவு. பெரிய கதவைச் சாத்தியது போல ஒரு சத்தம். பின்னால் ஆப்பு கிறீச்சிட்டது. பிறகு ஒன்றும் இல்லை. துறைமுகத்தில் எங்கேயோ ஒரு கப்பல் ஊதியது.

அவர் நடைபாதையில் அப்படியே இருந்துவிட்டார். அந்த இடத்தில் அவர் இருந்து நான் கண்டது அன்றைக்குத்தான். நெற்றியில் சிராய்ப்பு. சின்னவள் நீ பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, ஒரு அத்திப்பழத்தை அவரிடம் நீட்டினாய். வாங்கிச் சாப்பிட்டார். பாதி மண்ணில் விழுந்தது.

நான் அழுதுகொண்டே கடதாசிக் கதையைச் சொன்னேன். அவர் இத்தாலிக்கு வந்த புதிதில் கட்டிட வேலை செய்த காலத்தைப் பற்றிச் சொன்னார். ஒரு பழைய வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசும்போது, மேல் பல்கனியின் அடியில் வெடிப்பைக் கண்டிருக்கிறார். அந்தப் பல்கனியில் ஒரு சிஞ்ஞோரா தினமும் கயிற்றில் கூடை இறக்கிப் பாண் வாங்குவா. "எனக்கு அண்டைக்குக் கடதாசி இல்லை. சொன்னா நீ ஆர், ஆற்ற ஆள் எண்டு கேப்பாங்கள். நாலு நாள் சொல்லாம இருந்தனான். அஞ்சாம் நாள் பல்கனி கூடையோட கீழ வந்தது." சிஞ்ஞோரா சாகவில்லை. ஆனால் பிறகு நடக்கவே இல்லை.

"அதுக்குப் பிறகு எனக்குச் சொல்லாம இருக்க ஏலாது" என்றார். "கமிட்டிக்கும் சொல்லத்தான் வேணும். கல்லு அசைஞ்சதை நான் சொல்லுவன். நீ தொட்டதை நீயே சொன்னா நல்லம். திங்கக்கிழமை மட்டும் பாப்பன். அதுக்குப் பிறகு அதையும் நான்தான் சொல்லோணும்."

கெஞ்சினேன். காலைப் பிடித்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் அசையவில்லை. திங்கட்கிழமை நானே போய்ச் சொன்னேன். வேலை போனது. பெர்மெஸ்ஸோ எட்டு மாதம் இழுபட்டது. அந்த வருடம் நாங்கள் ஊருக்குப் போகாததற்குக் காரணம் அதுதான். டிக்கற் கிடைக்கவில்லை என்று உங்களுக்குச் சொன்னது பொய். ஒவ்வொரு நாள் காலையிலும் முதலில் தபால்பெட்டியைத்தான் திறந்து பார்ப்பேன். அவரோடு இரண்டு வருடம் கதைக்கவில்லை. கோவில் வாசலில் மற்றவர்களோடு சேர்ந்து நானும், "கூரையைப் பிடியுங்கோ" என்று சொல்லியிருக்கிறேன். அவர் என்னிடமும் அதே பதிலைத்தான் சொன்னார்.

பிறகு அவர் ஜெர்மனியில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது சொல்லிவிட்டுப் போக எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் வீட்டில் இல்லை. சமையலறைக்குள் போய்ப் பொட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "முழுசா இருக்கு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அங்கேயும் தங்கச்சியின் வீட்டுச் சுவரில் பொட்டு வைக்கிறார் என்று கேள்வி.

நீங்கள் இன்றைக்கும் ஒவ்வொரு நவம்பரிலும் சிநேகிதிகளுக்குச் சொல்கிற கதையில் ஒரு இங்கிலீஷ் கப்டன் இருக்கிறார், இனிப்பு இருக்கிறது, பழைய கல்லு ஒன்று தானாக இறங்குகிறது. பெட்டியை வைத்தது நான் என்பது உங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். கல்லு தானாக இறங்கவில்லை. அது மட்டும் உங்களுக்குத் தெரியாது.

நேற்று வேலை முடிந்து அந்தச் சேமக்காலைக்குப் போனேன். இப்போது வேறு ஒருவர் பார்க்கிறார். கேட்டுக்கொண்டு உள்ளே போனேன். கப்டனுடைய மேசைக்கு இரும்புக் கால் கொடுத்துக் கட்டியிருக்கிறார்கள். அடியில் வைத்த ஆப்பை எடுத்துவிட்டார்கள். உடைந்த காலின் தலையில் வைத்த ஆப்பு இருக்கிறது. கல்லு அதைக் கடித்துப் பிடித்தபடி பத்து வருடமாக நிற்கிறது. நான் தொடவில்லை.

அங்கிருந்து சீசாவுக்குப் போனேன். வாசலில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. நான் நடு ரோட்டில் நின்று எங்கள் சமையலறை ஜன்னலைப் பார்த்தேன். பின்னால் ஒரு ஸ்கூட்டர் ஹோர்ன் அடித்தது. எதிர் பாரில் இருந்து, எங்கள் கீழ்வீட்டுக் கிழவர், ஆறு நாளாக மகளுடைய வீட்டில் சோபாவில் படுப்பவர், என்னைக் கண்டுவிட்டு எல்லோருக்கும் கேட்கக் கத்தினார்: என்ன, இன்னும் விழவில்லையா?

பாரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சுடுவது போலத்தான்.

"இன்னும் விழவில்லை" என்றேன். "நாளைக்கும் கேளுங்கள்."